கிராஃபீனோடு காந்த நானோ துகளைச் சேர்த்தால் நுண்ணலை ஏன் நன்றாக உறிஞ்சப்படுகிறது?

கேள்வி: “கிராஃபீன் நல்ல மின்கடத்தி என்கிறார்கள். அப்படியானால் நுண்ணலையை உறிஞ்ச அது ஒன்றே போதாதா? இரும்பு ஆக்சைடு போன்ற காந்த நானோ துகள்களை ஏன் கலக்கிறார்கள்? ஆய்வுக் கட்டுரைகளில் மைனஸ் 50, மைனஸ் 60 டெசிபெல் என்று போடுகிறார்களே, அதை நம்பலாமா? முதுகலை ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா?”

எடுக்கலாம், நல்ல தலைப்பு. ஆனால் இதில் இறங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீன் நன்றாகக் கடத்துகிறது என்பது உறிஞ்சும் பொருளுக்குப் பலம் அல்ல, சிக்கல். காந்தத் துகளைச் சேர்த்ததும் நிலைமை மேம்படுவது உண்மைதான். ஆனால் அந்த மேம்பாட்டில் பெரும்பகுதி துகளின் காந்தத்தால் வருவதில்லை. பல கட்டுரைகள் இந்த இடத்தைப் பூசி மெழுகிவிடுகின்றன. அதனால் கணக்கோடு விளக்குகிறேன்.

முதலில், தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. ஓர் அலுமினியத் தகடு நுண்ணலையை முழுதாகத் தடுத்துவிடும். ஆனால் வந்த அலையை அப்படியே திருப்பி அனுப்பும். 2016-இல் டைட்டானியம் கார்பைடு மெக்சீன் (மிக மெல்லிய அடுக்குகளான கடத்தும் பொருள்) படலம் ஒன்று 45 மைக்ரோமீட்டர் தடிமனில் 92 டெசிபெல் வரை தடுத்ததாக வெளிவந்தது. அது தடுப்புக்கான எண். உறிஞ்சுதலோடு அதை ஒப்பிடக் கூடாது. ரேடார் கண்ணிலிருந்து தப்ப வேண்டிய விமானத்துக்கும், ஒரே பெட்டிக்குள் பல மின்சுற்றுகள் நெருக்கியடித்து இருக்கும் கருவிக்கும் திருப்பி அனுப்புவது உதவாது. அலை உள்ளே நுழைய வேண்டும், அங்கேயே வெப்பமாக மாற வேண்டும்.

உறிஞ்சும் படலத்தை வழக்கமாக ஓர் உலோகப் பரப்பின் மேல்தான் ஒட்டுகிறோம். எனவே உண்மையான கேள்வி, உலோகத்தின் மேல் இத்தனை மில்லிமீட்டர் படலம் இருந்தால் எவ்வளவு அலை திரும்பி வரும் என்பது. திரும்புவதில் இரண்டு பங்கு உண்டு. படலத்தின் மேற்பரப்பிலேயே திரும்புவது ஒன்று, உள்ளே போய் உலோகத்தில் மோதித் திரும்புவது இன்னொன்று. படலத்தின் தடிமன், உள்ளே அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால் இவை இரண்டும் எதிரெதிர்க் கட்டத்தில் சந்திக்கும். இரண்டின் வீச்சும் சமமாக இருந்தால் வெளியே எதுவும் வராது. 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 30 மி.மீ. படலத்தின் விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இசைகிறது என்ற அளவு) 9 என்றால் உள்ளே அது 10 மி.மீ. ஆகச் சுருங்கும், கால் பங்கு 2.5 மி.மீ. கட்டுரைகளில் திரும்பத் திரும்ப 2 மி.மீ., 2.5 மி.மீ. என்ற தடிமன்களே வருவது இதனால்தான். இந்தக் கால் அலைநீளத் தந்திரம் பழையது. உலோகத்துக்கு முன்னால் கால் அலைநீளத் தொலைவில் 377 ஓம் மின்தடைத் தாளை வைக்கும் சாலிஸ்பரியின் திரைக்கு 1952-லேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. அந்த 377 ஓம், வெட்டவெளியின் இம்பீடன்ஸ், அதாவது அலையின் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம்.

இங்கேதான் ‘எவ்வளவு இழப்பு வேண்டும்’ என்ற கேள்வி வருகிறது. விடுதிறனுக்கு இரண்டு பகுதிகள்: மெய்ப்பகுதி ஆற்றலைத் தேக்கி வைப்பதைக் குறிக்கும், கற்பனைப் பகுதி ஆற்றல் வெப்பமாக வீணாவதைக் குறிக்கும். காந்தத் தன்மையே இல்லாத ஒரு படலத்தை எடுத்துக்கொள்வோம். மெய்ப்பகுதி 9, தடிமன் 2.44 மி.மீ., அதிர்வெண் 10 கிகாஹெர்ட்ஸ். கற்பனைப் பகுதி ஏறத்தாழ 4 என்றால் அலை கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சப்படும். அதை 1 ஆகக் குறைத்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு ஆற்றலுக்கு மேல் திரும்பி வந்துவிடும். சரி, இழப்பு போதவில்லை என்று 15 ஆக ஏற்றினால்? மறுபடியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திரும்பி வரும்! முதல் நிலையில் அலை உள்ளே போய்ச் சேதமில்லாமல் திரும்புகிறது. இரண்டாவதில் அது நுழையவே முடியாமல் வாசலிலேயே திரும்புகிறது. இழப்பு கூடக் கூட உறிஞ்சுதல் கூடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். நீங்களே ஒரு கணினி நிரலில் போட்டுப் பார்க்கலாம், பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

இப்போது கிராஃபீனுக்கு வருவோம். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பிரித்தெடுத்து, 2010-இல் நோபல் பரிசு பெற்ற அந்தக் குறையற்ற ஒற்றை அடுக்குக் கிராஃபீன், நுண்ணலை உறிஞ்சிகளில் ஏறக்குறைய வருவதே இல்லை. நாம் பயன்படுத்துவது ஒடுக்கப்பட்ட (ஆக்சிஜன் பகுதியளவு நீக்கிய) கிராஃபீன் ஆக்சைடு. கிராஃபைட்டை அடர் கந்தக அமிலத்தில் சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்த்து ஆக்சிஜனேற்றம் செய்வது 1958-இல் ஹம்மர்ஸும் ஆஃப்மேனும் வெளியிட்ட முறை. இன்றும் அதன் திருத்திய வடிவங்கள்தான் ஆய்வகங்களில் ஓடுகின்றன. கிடைக்கும் கிராஃபீன் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அதிலிருந்து ஆக்சிஜனைப் பகுதியளவு நீக்கினால் கடத்துதிறன் திரும்பும். ஆனால் முழுதாகத் திரும்பாது. தாளில் ஓட்டைகள், பிறழ்வுகள், மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தொகுதிகள் எல்லாம் இருக்கும். மின்னணுக் கருவி செய்பவருக்கு இவை குறைகள். நமக்கு இவைதான் சொத்து. ஒவ்வொரு குறையும் மின்புலம் மாறும்போது சற்றுத் தாமதமாகத் திரும்பும் ஓர் இருமுனையாக நடந்துகொள்கிறது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகிறது. எவ்வளவு ஒடுக்குகிறோம் என்பதை வைத்தே கற்பனைப் பகுதியை ஏற்றவும் இறக்கவும் முடியும். தாள்கள் அகலமாகவும் மெலிதாகவும் இருப்பதால் எடையில் சில சதவீதம் சேர்த்தாலே ஒன்றையொன்று தொட்டு மின்வலை உருவாகிவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் மேலே சொன்ன 15 என்ற நிலைக்குப் போய்விடுவோம்.

காந்தப் பொருள்களின் கதை இதைவிட மூத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் சுவாசக் குழாய் முனைக்கு இட்ட உறைகளில் கார்போனைல் இரும்புத் தூள் கலந்த ரப்பரும் உண்டு. காந்தத்தை நாடியதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. உலோகப் பரப்பை ஒட்டிய இடத்தில் மின்புலம் பூச்சியம், காந்தப்புலம் உச்சம். எனவே மின் இழப்பை மட்டும் நம்பும் பொருள், உலோகத்திலிருந்து கால் அலைநீளம் தள்ளி நின்றால்தான் வேலை செய்யும். காந்த இழப்புள்ள பொருளை உலோகத்தின் மேலேயே ஒட்டலாம். கைபேசி, மடிக்கணினிக்குள் மின்சுற்றின் மேல் ஒட்டும் மெல்லிய இரைச்சல் ஒடுக்கித் தாள்களில் ஃபெரைட்டும் இரும்பு-சிலிக்கான்-அலுமினியக் கலப்புலோகச் செதில்களும் இருப்பது இதற்காகத்தான்.

ஆனால் காந்தத்துக்கு ஒரு கடுமையான எல்லை உண்டு. பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்னூக் 1948-இல் காட்டியது அது. ஒரு காந்தப் பொருளின் நிலை உட்புகுதிறனிலிருந்து (மாறாத காந்தப்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இசைகிறது என்ற அளவு; காந்தமற்ற பொருளுக்கு அது 1) ஒன்றைக் கழித்து, அதை அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணால் பெருக்கினால், கிடைக்கும் பெருக்கம் தெவிட்டுக் காந்தமாக்கத்தால், அதாவது பொருள் எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கத்தால், முடிவாகிவிடும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடுக்கு இந்தப் பெருக்கம் ஏறத்தாழ 11 கிகாஹெர்ட்ஸ், இரும்புக்கு ஏறத்தாழ 40. மேக்னடைட்டின் ஒத்ததிர்வு 1 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் உட்புகுதிறன் 12 வரை இருக்கலாம். ஒத்ததிர்வை 10 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளினால் உட்புகுதிறன் 2 சொச்சத்துக்கு வந்துவிடும்.

இந்த 2 சொச்சமும் துகள் மட்டும் நிறைந்த கட்டிக்கு. கலவையில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். வழக்கமான மாதிரியில் 70 சதவீதம் எடைக்கு பாரஃபின் மெழுகு, மீதி 30 சதவீதம் கிராஃபீனும் மேக்னடைட்டும் சேர்ந்த தூள். பாதிக்குப் பாதி என்று வைத்தால் மேக்னடைட் எடையில் 15 சதவீதம். ஆனால் அதன் அடர்த்தி 5.2, மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ 0.9. எனவே கன அளவில் மேக்னடைட் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 3 சதவீதம்தான். தனித்தனிக் கோளத் துகள்களாகச் சிதறிய 3 சதவீதப் பொருள், எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும், கலவையின் உட்புகுதிறனை 1-இலிருந்து 1.1-க்கு மேல் கொண்டுபோகாது. எக்ஸ் பேண்டில், அதாவது 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரையில், இன்னும் குறைவாகவே இருக்கும். ஒரு கட்டுரையைத் திறந்து உட்புகுதிறன் வரைபடத்தைப் பாருங்கள், கோடு 1-ஐ ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும். அதே கட்டுரையின் முடிவுரையில் ‘மின் இழப்பும் காந்த இழப்பும் இணைந்து செயல்பட்டதால்’ என்ற வாக்கியமும் இருக்கும். வரைபடத்தை நம்புங்கள்.

அப்படியானால் துகள்கள் செய்யும் வேலை என்ன? அது சிறிய வேலை அல்ல. கிராஃபீன் தாள்கள் உலரும்போது ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு மீண்டும் கிராஃபைட் போல அடுக்காகிவிடும். இடையில் துகள்கள் உட்கார்ந்தால் அப்படி அடுக்காகாது. தாளுக்கும் தாளுக்கும் நடுவே நேரடித் தொடர்பு குறைவதால் மின்வலை தளர்கிறது, கடத்துதிறன் அடங்குகிறது, விடுதிறன் தேவையான அளவுக்கு இறங்குகிறது. கடத்தும் கார்பனும் கடத்தாத அல்லது அரைகுறையாகக் கடத்தும் ஆக்சைடும் சந்திக்கும் ஒவ்வோர் இடைமுகத்திலும் மின்னூட்டம் தேங்குகிறது. மாறும் புலத்தில் அந்தத் தேக்கமும் இழப்பைத் தருகிறது. துகள் நானோ அளவில் இருப்பதால் ஒரே எடையில் இடைமுகப் பரப்பு மிகப் பெரிதாகக் கிடைக்கிறது. மொத்தத்தில், அதிகம் கடத்தும் கிராஃபீனை அடக்கி அலையை உள்ளே விட வைப்பதுதான் துகளின் முதல் பணி. துத்தநாக ஆக்சைடு, வெள்ளீய ஆக்சைடு போன்ற காந்தமற்ற துகள்களோடு செய்த கலவைகளும் நல்ல உறிஞ்சுதலைக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற உலோகத் துகள்களில் நானோ அளவுக்கு இன்னொரு பயனும் உண்டு. 10 கிகாஹெர்ட்ஸில் இரும்பின் தோல் ஆழம் (அலை உள்ளே புகக்கூடிய தூரம்) ஒரு மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும். துகள் அதைவிடப் பெரிதானால் சுழல் மின்னோட்டம் எழுந்து, துகளின் உட்பகுதிக்குப் புலம் எட்டாமல் போகும். மேக்னடைட்டில் இந்தக் கவலை குறைவு, அது இரும்பைவிடப் பல நூறு மடங்கு மோசமான கடத்தி.

காந்தம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் எது? கான்ஸ்டன்டின் ரோசனோவ் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரம்பு இதற்கு விடை சொல்கிறது. உலோகத்தின் மேலுள்ள எந்தப் படலமும், எத்தனை அடுக்கானாலும், என்ன பொருளானாலும், ஒரு விதியை மீற முடியாது: டெசிபெல் அளவை அலைநீள அகலத்தால் பெருக்கினால் வரும் எண், தடிமனையும் நிலை உட்புகுதிறனையும் 172-ஆல் பெருக்கியதற்கு மிகாது. 8 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை முழுக்க 10 டெசிபெல் (அதாவது 90 சதவீத உறிஞ்சுதல்) வேண்டுமென்றால், காந்தமற்ற பொருளுக்குக் குறைந்தது 1.2 மி.மீ. தடிமன் தேவை. அது எளிது, 2 மி.மீ. கிராஃபீன் கலவைக்கு இடம் இருக்கிறது. இதையே 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் என்று கேட்டால் தேவைப்படும் தடிமன் 7.7 மி.மீ.க்கு மேல் போய்விடும். தாழ்ந்த அதிர்வெண்தான் தடிமனைக் கேட்கிறது. அங்கே தடிமனைக் குறைக்க ஒரே வழி நிலை உட்புகுதிறனை ஏற்றுவது. உட்புகுதிறன் 1.1 கொண்ட கலவை பத்து சதவீதத்துக்கும் குறைவான சலுகையையே தரும். நிறைய காந்தப் பொருளை அடைத்தால்தான் பலன் தெரியும். அல்லது ஸ்னூக்கின் எல்லையைத் தாண்டக்கூடிய தட்டைச் செதில் வடிவத் துகள்களைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் எடை? கன அளவில் பாதி இரும்பு அடைத்த 2 மி.மீ. படலம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ வரும். கிராஃபீன் கலவை 2 கிலோ சொச்சத்தில் முடிந்துவிடும். இந்தத் துறையின் உண்மையான போராட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. 2 முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரையில், 2 மி.மீ.க்குள், எடை குறைந்த ஒரு படலத்தை யாராவது நம்பகமாகச் செய்து காட்டினால், எக்ஸ் பேண்டில் வரும் நூறு கட்டுரைகளைவிட அதை நான் மதிப்பேன்.

அந்த மைனஸ் 60 டெசிபெல் பற்றி. மைனஸ் 10 டெசிபெல் என்றால் 90 சதவீதம் உறிஞ்சப்படுகிறது, மைனஸ் 20 என்றால் 99 சதவீதம், மைனஸ் 60 என்றால் 99.9999 சதவீதம். 99-ஐத் தாண்டிய பிறகு பெரும்பாலான பயன்பாடுகளில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதோடு, மேலே சொன்ன 2.44 மி.மீ. படலத்தில் மைனஸ் 60 கிடைத்தது என்று வையுங்கள். தடிமன் ஒரு சதவீதம், அதாவது 25 மைக்ரோமீட்டர் மாறினால் அது மைனஸ் 33 சொச்சத்துக்கு ஏறிவிடும். எந்தப் பூச்சுத் தொழிலாளியும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் அந்தத் துல்லியத்தில் பூச முடியாது. இன்னொன்று, பெரும்பாலான கட்டுரைகளில் அந்த எண் அளக்கப்பட்டதே அல்ல. வெளிவிட்டம் 7 மி.மீ., உள்விட்டம் 3.04 மி.மீ. உள்ள மெழுகு வளையம் ஒன்றைச் செய்து, கோஆக்சியல் குழாயில் வைத்து, வெக்டர் நெட்வொர்க் அனலைசரால் விடுதிறனையும் உட்புகுதிறனையும் எடுக்கிறார்கள். பிறகு தடிமனை 1 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை கணினியில் மாற்றி மாற்றி, எங்கே பள்ளம் ஆழமாக விழுகிறதோ அந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் அதைச் சாதனை என்று கொண்டாட ஒன்றுமில்லை. நீங்கள் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது மூன்றை மட்டும் தேடுங்கள்: மைனஸ் 10 டெசிபெலுக்குக் கீழே எத்தனை கிகாஹெர்ட்ஸ் அகலம், எந்த ஒரே தடிமனில், எத்தனை சதவீதத் தூளில்.

அளவீட்டிலும் கவனம் வேண்டும். அனலைசர் தரும் அளவுகளிலிருந்து விடுதிறனையும் உட்புகுதிறனையும் கணக்கிடும் நிக்கல்சன்-ராஸ்-வெயர் முறையில், வளையத்தின் நீளம் அரை அலைநீளத்தை நெருங்கும் அதிர்வெண்களில் தீர்வு தடுமாறும். வளையத்துக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருந்தால் விடுதிறன் குறைவாகக் காட்டும். உட்புகுதிறனின் கற்பனைப் பகுதி பூச்சியத்துக்குக் கீழே இறங்கி எதிர்மறையாக வந்தால், துகள் காந்த ஆற்றலை வெளியே உமிழ்கிறது என்று விளக்கம் எழுதாதீர்கள். ஆற்றல் மூலம் இல்லாத பொருள் அப்படிச் செய்யாது. அது அளவீட்டுப் பிழை, மாதிரியை மறுபடி செய்யுங்கள்.

இனி உங்கள் ஆய்வுக்கு. தயாரிப்பு முறை கடினமில்லை. கிராஃபீன் ஆக்சைடை எத்திலீன் கிளைக்காலில் பரப்பி, ஃபெரிக் குளோரைடும் சோடியம் அசிட்டேட்டும் சேர்த்து, டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவில் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்தால், மேக்னடைட் துகள்கள் தாளின் மேலேயே வளரும். கிராஃபீன் ஆக்சைடும் அதே வேளையில் ஒடுங்கும். கூடுதல் ஒடுக்கம் வேண்டுமானால் ஹைட்ரசீனை விட்டுவிட்டு அஸ்கார்பிக் அமிலத்தை எடுங்கள், ஹைட்ரசீன் கடும் நஞ்சு. ஹம்மர்ஸ் கட்டத்தில் பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, பனிக்கட்டித் தொட்டியில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். சூடு ஏறினால் மாங்கனீசு ஹெப்டாக்சைடு வெடிக்கும். இதில் அவசரம் கூடவே கூடாது.

கிடைத்த துகள் எது என்று அறியும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் (XRD) மேக்னடைட்டும், அதைவிட அதிகம் ஆக்சிஜனேறிய இரும்பு ஆக்சைடான மேக்ஹெமைட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முகடு காட்டும். நானோ மேக்னடைட் காற்றில் மெதுவாக மேக்ஹெமைட்டாக மாறும் பழக்கமுள்ளது. எனவே எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையோ (XPS) மோஸ்பாவர் நிறமாலையோ இல்லாமல் ‘இது மேக்னடைட்’ என்று உறுதியாக எழுத வேண்டாம். உலோக இரும்புத் துகளை எடுத்தால் துருவும் கவலையாகும், சிலிக்கா அல்லது கார்பன் உறை தேவைப்படும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, கட்டுப்பாட்டு மாதிரிகளைச் செய்யுங்கள். ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடு மட்டும் உள்ள வளையம் ஒன்று, மேக்னடைட் மட்டும் உள்ளது ஒன்று, இரண்டையும் வெறுமனே உரலில் அரைத்துக் கலந்தது ஒன்று, தாளின் மேலேயே துகள் வளர்த்தது ஒன்று. அவற்றோடு, மேக்னடைட்டுக்குப் பதிலாக அதே கன அளவில் துத்தநாக ஆக்சைடு வைத்தது ஒன்று. இந்தக் கடைசி மாதிரியைத்தான் பலர் செய்வதில்லை. அது மேக்னடைட் மாதிரிக்கு ஈடாக உறிஞ்சினால், உங்கள் அதிர்வெண்ணில் காந்தம் வேலை செய்யவில்லை என்று நேராகத் தெரிந்துவிடும். அந்த முடிவும் வெளியிடத் தகுந்ததே. முடிந்தால் மெழுகை விட்டு எப்பாக்சியில் 30 செ.மீ. சதுரப் பலகை ஒன்று வார்த்து, உலோகத் தகட்டின் மேல் ஒட்டி, வளைவுச் சட்டத்தில் இரண்டு கொம்பு ஆன்டெனாக்களை வைத்து நேரடியாக அளந்து பாருங்கள். செங்குத்தாக மட்டுமல்ல, 30, 45 டிகிரி சாய்விலும் அளங்கள். கணினி காட்டிய பள்ளம் பலகையில் இடம் மாறி, ஆழம் குறைந்துதான் வரும். அந்த வரைபடத்தை மறைக்காமல் கணக்கிட்ட வரைபடத்தின் மேலேயே போட்டு வெளியிடுங்கள்.